பார்க்க முடியலையாம்

அந்தத் தகடு ஆலையில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், புது பிரஸ் மெஷினைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நெட்டை எஞ்சினியர். இன்னொருத்தி ஆபீஸ் டைப்பிஸ்ட். எஞ்சினியர் சொல்வதை எடுத்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு வெல்டர் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் ஃபோர்மேன் கடப்பாரையும் கையுமாக நின்றார். டைப்பிஸ்ட்டின் கூடப்பிறந்த அண்ணன்தான் அவர். முந்தின நாள் வெல்டரோடு வாய்த்தகராறு முற்றி, "மண்டையைப் பொளந்துடுவேன்டா" என்று ஆலையே கேட்கக் கத்தியிருந்தார். வாய்தான் அவருக்கு நீளம்; யார்மேலும் கை நீட்டியதில்லை. அது தங்கைக்குத் தெரியும், ஆலைக்குத் தெரியாதே.

"சங்கிலி அறுந்து தகடு அவன் மேல விழுந்துச்சுப்பா! நெம்பித் தள்ளத்தான் கடப்பாரையை எடுத்தேன்!" என்றார்.

அறுந்த சங்கிலியும் அந்தத் தகடும் ஓரமாகக் கிடக்கத்தான் செய்தன. அவ்வளவு ரத்தத்துக்கு நடுவில் அதையெல்லாம் எவன் பார்த்தான்? வெல்டரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவன் தம்பி, லேத் ஓட்டுகிறவன், ஃபோர்மேனின் சட்டையைப் பிடித்தான். சுற்றி நாற்பது பேர்.

அப்போதுதான் பிரஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து எஞ்சினியர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இவர் இங்கதானே இருந்தாரு? ஃபோர்மேன் அடிச்சதைப் பார்த்தாரான்னு கேளுங்க" என்றான் தம்பிக்காரன்.

அவள் கேட்டாள். எஞ்சினியர் தலையை ஆட்டினார். "ஐ குட்ன்ட் சீ இட்... ஐ ஜஸ்ட் குட்ன்ட் சீ இட்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் தப்பித்தார். அந்த அவசரத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னாள்:

"பார்க்க முடியலையாம்."

பரீட்சையாக இருந்தால் முழு மார்க்கு. ஆனால் குறுக்கே ஒரு மெஷின் மறைத்தாலும் ஆங்கிலக்காரன் 'பார்க்க முடியவில்லை' என்றுதான் சொல்வான். அவன் பேச்சின் வழக்கு அது. நாம் அதற்குத் 'தெரியலை' என்போம். நம்மில் ஒருவன் முகம் வெளுத்துப்போய்ப் 'பார்க்க முடியலை' என்றால், கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை என்று பொருள்.

"கேட்டீங்களாடா? பார்க்கவே முடியலையாம்! அப்படிப் போட்டு அடிச்சிருக்கான்!" என்று கத்தினான் தம்பிக்காரன்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் அவள் காதுக்கு எட்டியது. என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, அப்படி இல்லடா! அவருக்குத் தெரியலைன்னு சொன்னாரு! மெஷின் மறைச்சிருக்கு!"

"அண்ணன்னதும் பேச்சை மாத்துறியா? தள்ளும்மா!"

ஒரு முழங்கை அவள் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு எஞ்சினியரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். நீங்களே காட்டுங்கள், உங்களால் பார்க்க முடியவில்லை என்று காட்டுங்கள் என்று அவர் மொழியில் கதறினாள். பாவி மனுஷன், மெஷினையாவது சுட்டியிருக்கலாம். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்டினார்.

இனி என்ன சாட்சி வேண்டும்? கூட்டம் உறுமியது. கடப்பாரை ஃபோர்மேனின் கையிலிருந்து தம்பிக்காரன் கைக்குப் போனது. முட்டியில் ஒன்று. விழுந்தவரின் தோளில் ஒன்று. பூட்ஸ் கால்கள் விலாவில் மாறி மாறி இறங்கின. அவள் அண்ணன்மேல் விழுந்து மறைக்கப் பார்த்தாள். தலைமுடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். "நீ போம்மா... உனக்கு அடிபடும்" என்றார் அவர். அடுத்த அடி தலையில் விழுந்தது. அதற்குப் பிறகும் அடித்தார்கள். செத்த உடம்பை அடிக்கிறோம் என்று தெரிய நேரம் பிடித்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில், அண்ணனின் உடம்பை வாங்க அவள் நின்றுகொண்டிருந்தாள். லேத்துக்காரன் வந்தான். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள், கையில் விலங்கு. மாடி வார்டில் அவன் அண்ணனுக்கு நினைவு திரும்பியிருந்தது. பார்க்கவிட்டுக் கூட்டிப் போகிறார்கள்.

அவன் அவள் முன்னால் மடிந்து உட்கார்ந்தான்.

"கண்ணு முழிச்சதும் எங்கண்ணன் ஃபோர்மேனைத்தான் கேக்குறாருக்கா. தகடு விழுந்தப்ப பக்கத்துல வேற யாருமே இல்லையாம். இவர் ஒருத்தர்தான் ஓடி வந்து நெம்பித் தூக்கினாராம். அவரைக் கூட்டிட்டு வாடா, கையெடுத்துக் கும்பிடணும்னு சொல்றாரு. நான் என்னக்கா சொல்லுவேன்?"

அவள் அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. மறுபடி அறைந்தாள். போலீஸ்காரர்களும் தடுக்கவில்லை. கை ஓயும்வரை அறைந்தாள்.

"அடிங்கக்கா" என்று அழுதான் அவன். "ஆனா நீங்க சொன்னதைக் கேட்டுத்தானேக்கா அடிச்சேன்?"

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதே கையால் தன் வாயிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.