ஆயம்மாளின் கால்தடம்

ஆயம்மாள் நடந்தால் தார் ரோட்டில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கால் பதியும். ரைஸ்மில் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள், முப்பத்தெட்டு கிலோதான் இருந்தாள். நைனார்பாளையத்திலிருந்து கரும்புக் கொல்லைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடு வேய்ந்த ஜெபச் சபைக்கும் அவள் போய்வந்த வழியெல்லாம் குழிகள் இருந்தன. ரோடு வேலைக்கு வந்தவர்கள் ஜல்லி கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் அவள் நடப்பாள்.

புருஷன் சின்னதுரை பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பதாக அவள் ஊரில் சொல்லியிருந்தாள். உண்மையில் அவன் வீட்டுக்குள்தான் இருந்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், பிறகு பேசவில்லை. ஊட்டினால் விழுங்குவான். வெளியே தெரிந்தால் பேய் என்பார்கள், சபையில் பாவம் என்பார்கள் என்று அவள் பயந்தாள். ஜெபக்கூட்டத்தில் ஊராருக்காகவெல்லாம் முழங்காலிட்டாள். தன் வீட்டுக் காரியத்தை ஆண்டவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. நடந்தே வந்த போலீஸ்காரர்கள் குழிகளைப் பார்த்து, யாரோ பெரிய பாரம் தூக்கிப் போயிருக்கிறான் என்று தடம் பிடித்து வந்து ஆயம்மாளின் கதவைத் தள்ளினார்கள். சின்னதுரை திரும்பிப் பார்க்கவில்லை. ஏட்டு லத்தியை ஓங்கினார்.

"அவரு மரம் வெட்லங்க ஏட்டய்யா. அவரு எழுந்து தண்ணி மொண்டு குடிச்சே மூணு வருசம் ஆவுதுங்க."

ஏட்டு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். வாசலில் தெருவே நின்றிருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் சபைக்கு வரும் ரங்கம்மாள் போகவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் அழுத. இத மட்டும் ஏன்டி சொல்லல?"

"விசுவாசம் கம்மின்னு சொல்வாங்கக்கா."

"சிலுவைய தூக்கிக்கினு போனாரே, அவருக்கே வழியில ஒர்த்தன் தோள் குடுத்தான். நீ இன்னா அவருக்கும் மேலயா?"

ஆயம்மாள் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். ரங்கம்மாள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி சின்னதுரைக்கு ஊட்டினாள்.

அந்த ஞாயிறு ஆயம்மாளின் தடம் அரை விரற்கடைதான் இருந்தது. பக்கத்தில் ரங்கம்மாளின் தடம் அரை விரற்கடை. ரோடு திறந்ததும் இருவருமாக அவனைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், நாளாகும் என்றார்கள். நாளானது. ஜெபக்கூட்டப் பெண்கள் இன்னும் நான்கு பேர் முறை வைத்து வந்து அவனோடு உட்கார்ந்தார்கள். அவனைப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்ன வேறு இருவர் வரவேயில்லை. ரோட்டில் ஆறு ஜோடிக் கால்கள் நகத்தளவு பதிந்தன.

ஒதுக்கீட்டு ஆணை வந்த வருடம், ஒரு மத்தியானம், சின்னதுரை எழுந்து ஏரிக்கரை வரை நடந்தான். அவன் கால் நன்றாகவே பதிந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. திரும்பி வந்து படுத்துக்கொண்டான். மறுநாளும் நடந்தான். அதன்பின் பெண்களின் தடங்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன.

ஆயம்மாள் தனியாக நடந்த காலத்துக் குழிகள் கிடக்கும் இடத்தில் பஸ் டிரைவர்கள் இன்றும் இரண்டாவது கியருக்கு மாற்றுகிறார்கள்.