பதினேழு வருடம் சொன்ன சாட்சி

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை. துறைமுகத்திலிருந்து வந்த பஸ் முத்தையாபுரம் நிறுத்தத்தில் ஜாயை இறக்கிவிட்டுப் போனது. வீட்டுக்குள் நுழைந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"எம்மா, கல்யாணப் பத்திரிகை திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. உன் பேரு உண்டா, இல்லையா?"

ஷெர்லி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாஸ்டர்கிட்ட பேசிட்டுச் சொல்லுதேன்."

"கல்யாணம் பாஸ்டருக்கா, எனக்கா?"

"ஏளா, மெதுவாப் பேசு."

"மூணு வாரமா மெதுவாத்தான் கேட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிரு. இல்லேன்னா அப்பா பேரு மட்டும் போட்டுருவேன். அப்புறம் நீ கல்யாணத்துக்கு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

சிக்கல் இதுதான். மாப்பிள்ளை ஜெஸ்டினுக்கு ஊர் சாயர்புரம். கல்யாணம் அவன் கோயிலில், அந்த ஊரின் பழைய சர்ச்சில். தாலி உண்டு, நகை உண்டு. ஷெர்லி போகும் சபையில் நகை பாவம். அந்தச் சபைப் பெண்களை பஸ்ஸில் பின்சீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். காது மொட்டையாக இருக்கும். பாஸ்டர் ரெக்ஸ் சென்ற வாரமே சொல்லிவிட்டார். பத்திரிகையில் பெயர் வந்தால் சபை நடவடிக்கை எடுக்கும். அவள் வகிக்கும் பெண்கள் ஐக்கியத் தலைவி பொறுப்பு போகும், திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், ஷெர்லி பிறந்ததும் சாயர்புரம்தான். கழுத்தில் தாலி வாங்கியதும் அதே கோயிலில்தான்.

மாற்றியது ஒரு காய்ச்சல். எட்டு வயதில் ஜாய்க்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறு நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாத ஒரு பெண் முழங்காலில் நின்று ஜெபித்தாள். ஏழாம் நாள் ஜாய் தண்ணீர் கேட்டாள். அடுத்த மாதம் ஷெர்லி அந்தப் பெண்ணின் சபையில் சேர்ந்தாள். தாலியைக் கழற்றினாள். மகளின் பொட்டுக் கம்மலையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள்.

அதிலிருந்து வருடாவருடம் சபையின் ஆண்டுவிழாவில் மைக் பிடித்து இந்தக் கதையைச் சாட்சியாகச் சொல்வாள். கூட்டம் அழும். இந்த வருட ஆண்டுவிழா, வருகிற ஞாயிறு.

ஷெர்லிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. படிப்பு. ப்ளஸ் டூவோடு நின்றதை அவள் மறக்கவேயில்லை. டைப்ரைட்டிங், தையல், ஹிந்தி, கம்ப்யூட்டர் என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்பது வயதில் இப்போது தபால் வழியில் உளவியல், இரண்டாம் வருடம். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவர் எபனேசர், "இவ கல்லறைக்குள்ளயும் ஹால் டிக்கெட்டோடதான் போவா" என்பார்.

சனிக்கிழமை காலை. பாடத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. யாரிடமாவது சிறுவயது நினைவு ஒன்றைக் கேட்டு எழுத வேண்டும். ஒரே நிபந்தனை, குறுக்கே பேசக்கூடாது. வீட்டில் இருந்தது ஜாய் மட்டும்தான். சண்டையின் நடுவிலும், "சரி, கேளு" என்று எதிரே உட்கார்ந்தாள். ஷெர்லி செல்போனில் பதிவை ஓடவிட்டாள்.

"சின்னப்பிள்ளையில நடந்ததுல எது நல்லா ஞாபகம் இருக்கு?"

காய்ச்சலைச் சொல்வாள் என்று ஷெர்லி எதிர்பார்த்தாள்.

"கம்மலைக் கழட்டுனது" என்றாள் ஜாய்.

ஷெர்லி வாயைத் திறந்தாள். நிபந்தனை ஞாபகம் வந்தது. மூடினாள்.

"மேடையில ஏத்தி நிறுத்துன. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வலது காதுல திருகு இறுகிப் போயிருந்துச்சு. இழுத்த. காது கிழிஞ்சுட்டு. நான் அழுதேன். நீ மைக்க வாங்கி, பிள்ளை பரிசுத்த ஆவியில நெறஞ்சு அழுதான்னு சொன்ன. எல்லாரும் கை தட்டுனாங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, வலிக்குன்னு சொன்னா எங்கம்மைக்குக் கேக்காதுன்னு. அதுக்கப்புறம் உங்கிட்ட எதையும் சொன்னதில்ல. ஜெஸ்டின் விஷயத்தக் கூட அப்பாகிட்டதான் மொதல்ல சொன்னேன்."

"காய்ச்சல்?"

"அது ஞாபகமே இல்ல."

ஜாய் எழுந்து குளிக்கப் போய்விட்டாள். ஷெர்லி பதிவை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை, கிழிந்த காதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் ரத்தத்தைத் தானும் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டேதான் பதினேழு வருடம் மேடையில் ஏறியிருக்கிறாள்.

மகளைப் பிழைக்கவைத்தது ஜெபமா, மருந்தா என்று அவளுக்கு இன்றும் தெரியாது. இரண்டு வருடமாக அந்தக் கேள்வி மனதில் இருந்தது, யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் மகள் எதற்கு அழுதாள் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை.

ஞாயிறு, காலை பத்தே கால். சபை நிறைந்திருந்தது. மைக் கைக்கு வந்தது. காய்ச்சல், ஆறு நாள், வராந்தா, ஜெபம் எல்லாம் வழக்கம்போலச் சொன்னாள். கம்மல் வரும் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல வருஷா வருஷம் பொய் சொல்லியிருக்கேன்."

முன்வரிசையில் ஒரு அம்மா பழக்கதோஷத்தில், "அல்லேலூயா" என்றாள்.

"எம்பிள்ளை ஆவியில நெறஞ்சு அழல. காது கிழிஞ்சு அழுதா. அந்தக் கம்மலைக் கேட்டது கர்த்தர் இல்ல. நாந்தான்."

பாஸ்டர் ரெக்ஸ் கீபோர்டு பக்கம் திரும்பிக் கையை அசைத்தார். பாட்டு தொடங்கியது. ஷெர்லி பாட்டுக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"அவ கல்யாணப் பத்திரிகையில எம்பேரு வருது. நடவடிக்கை எடுக்கிறவங்க எடுத்துக்கிடுங்க."

மைக் செத்தது.

ஆராதனை முடிந்து, செருப்பு விடும் இடத்தில் பாஸ்டர் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

"சிஸ்டர், இது படிச்சதால வந்த கோளாறு."

"ஆமா பாஸ்டர், படிச்சதால வந்ததுதான்."

"சபையை விட்டுப் போறீங்களா?"

"தெரியல. ஜெபம் இன்னும் வாயில வருது. முன்ன மாதிரி நிச்சயத்தோட வரல, அவ்வளவுதான். அடுத்த வாரம் வாரேன். பின்னால உக்காந்துக்கிடுதேன். திருவிருந்து தராட்டி வேண்டாம்."

தலைவி பொறுப்பின் சாவிக்கொத்தை அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஜாய் லேப்டாப்பில் பத்திரிகையின் மாதிரியைத் திறந்து வைத்திருந்தாள். ஷெர்லி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"மைக்குலயா சொன்ன?"

"ஆமா."

"காது கிழிஞ்சதையுமா?"

"அதையுந்தான் சொன்னேன்."

ஜாயின் கை தன்னை அறியாமல் வலது காதுக்குப் போய்த் திரும்பியது.

"இதோட எல்லாம் சரியாயிட்டுன்னு நெனச்சுக்கிடாத."

"நெனைக்கல."

ஜாய் செல்போனை எடுத்து அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஜாய் பேசுதேன். பத்திரிகையில ஒரு திருத்தம். அம்மா பேரு சேக்கணும், ஷெர்லி. இல்ல, அப்பா பேருக்குக் கீழ இல்ல அண்ணாச்சி. பக்கத்துல. அதே சைஸ்ல."