ஊதாப்பூ வைத்த முகமூடி

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. எட்டிப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். ஜன்னல் திறந்திருந்தது, எனக்கும் கண் இருக்கிறது. எதிரே தையல்காரியின் வீடு. அவளுக்குப் பக்கத்து வீடு ஒரு போலீஸ்காரருடையது.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'ஊர்வலத்தில் முகமூடி போட்ட போலீஸ்காரர் ஒருவர் அவள் தம்பியின் கையை…' வேண்டாம். ஒடிந்த கையைக் காட்டினால் உடனே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

2

முகமூடியிலிருந்தே தொடங்குகிறேன். "துணி கன்னத்தை அறுக்குதுக்கா" என்று பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் தன் டியூட்டி முகமூடியைக் கொண்டுவந்தார். ரவிக்கைக்குப் போக மிஞ்சிய ஊதாப்பூத் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.*

பிறகுதான் அந்த ஊர்வலம். தம்பி மாவுக்கட்டோடு வந்தான். புகார் கொடுக்கப் போன இடத்தில், "முகத்தைப் பார்த்தியா? நம்பரைப் பார்த்தியா? அப்புறம் யார் மேல எழுதுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"என் கையை ஒடிச்சவன் துப்புறதுக்கு முகமூடியைத் தூக்கினான்க்கா. உள்ளே ஊதாப்பூ! என்னா ஷோக்கு பாரு."

அவள் விரலில் ஊசி ஏறியது. [ஏறவில்லை, நான் சேர்த்தது. அவள் பேசாமல் நூல் கோத்தாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.]

* கூலி வாங்கவில்லை. கை ஒடிந்த தம்பியை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து அனுப்பியதும் இதே போலீஸ்காரர்தான். நல்ல மனசோ, வேறெதுவோ!

3

இப்போது புது விதி. போலீஸ்காரர்கள் முகத்தை மூடக் கூடாது; எண் பட்டை சட்டையில் பளிச்சென்று தெரிய வேண்டும். இன்று காலை அவர் சட்டையும் பட்டையுமாக வந்து நின்றார்.

"தைச்சிடாதீங்கக்கா. பிரஸ் பட்டன் வச்சிடுங்க."

"எதுக்கு சார்?"

"துவைக்கிறப்போ கழட்டத்தான்."

"ஏன், தைச்சதைத் துவைச்சா நம்பர் கரைஞ்சிடுமா? ஆமா, அந்த முகமூடி எங்கே?"

"ஸ்டேஷன்ல யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வர்றேன்க்கா."

மாறியும் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

4

முடிவு ஒன்று: அவள் பிரஸ் பட்டன் வைக்கிறாள், அக்கம்பக்கத்து உறவு பிழைக்கிறது.

முடிவு இரண்டு: அவள்… நான் யோசிப்பதற்குள் அவளே மிஷினை மிதித்துவிட்டாள். பட்டையின் நாலு பக்கமும் இரட்டைத் தையல்.

"டேய், இங்க வா. அந்த ஊதாப்பூ நான் வச்சுத் தைச்சதுடா. இந்தா, இந்த நம்பரை எழுதிக்கோ. விசாரிக்கட்டும்."

தம்பி மெல்ல, "எழுதுற கைதானேக்கா ஒடிஞ்சிருக்கு" என்றான்.

"அப்போ எதிர்வீட்டுல சொல்லு. நாள் பூரா ஜன்னல்ல உட்கார்ந்து நம்ம கதையைத்தானே எழுதுறாங்க."

சட்டையை என் ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். எண் நன்றாகவே தெரிந்தது.

[          ]

அந்த எண் அங்கே வர வேண்டும். பேனா கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போலீஸ்காரருக்கு நானும் எதிர்வீடு. நீங்கள்தான் தள்ளி இருக்கிறீர்கள். நான் எண்ணைச் சொன்னால், நீங்கள் எழுதுவீர்களா?