சீல் உடைக்காத பாட்டில்

1

இக்கதை ஒரு மதுக்கடை வாசலில் தோன்றியது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, காஞ்சிபுரம் இரயிலடிக்கு அருகே, அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் ஒயின் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை மடிப்பவரின் கவனம் அவர் விரல்களில் இருந்தது. இதை எழுதுபவள் அவரிடம் பேசவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் தெருவில் காண்போரைக் கதையாக்கிக்கொள்வது உண்டு. எழுதுபவளும் அவ்வாறே செய்தாள். அவருக்கு எஸ்தர் என்று பெயரிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "மார்கழிப் பனி பிள்ளையார்பாளையத்தின் கூரைகளைப் போர்த்தியிருந்த அவ்வேளையில் —"

(கைவிடப்பட்டது. இக்கதையில் பனியால் எவருக்கும் இடர் நேரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கிறிஸ்துமஸ் விருந்துக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று எஸ்தருக்குத் தெரியவில்லை."

இது நிற்கட்டும்.

துபாயிலிருக்கும் மகன் ஜோசுவா கைப்பேசியில் விளக்கினான்.

"கறிக்கு செவப்பும்மா. மீனுக்கு வெள்ளை."

"வாழப்பழத்துக்கு இன்னாடா?"

"இன்னாது?"

"வாழப்பழம், பேக்கரி கேக்கு. பக்கத்து வூட்டு அலமுக்கா விருந்துக்கு வருது. மார்கழி மாசமாச்சே, கறி தொடாது."

"நம்ம வூட்டுக்கா? பச்சத்தண்ணி குடிக்காதேம்மா அது!"

"ஒயின் குடிக்குதாம்டா."

ஜோசுவா வெகுநேரம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "லீவு குடுத்தா நான் வரமாட்டனாம்மா," என்றான். வருவாயா என்று அவர் கேட்டிருக்கவேயில்லை.

3

அலமு என்னும் பாத்திரத்தின்மீது எழுதுபவளுக்கு ஐயம் எழுகிறது. அவரைத் தீயவராகப் படைத்தல் எளிது. ஆயினும் எஸ்தர் காய்ச்சலில் விழுந்தபோது ஆட்டோ பிடித்தவர் அலமு; மருத்துவமனை பெஞ்சில் இரவெல்லாம் அமர்ந்திருந்தவரும் அவரே. தாமல் பக்கத்து உழவர் குடும்பத்தவர். கணவர் இல்லை, மகன் இளவரசன் பெங்களூரில்.

எஸ்தரோ, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்றவர். இளவரசன் அப்பள்ளியில்தான் படித்தான். நாள்தோறும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தான்.

(மேலுள்ள வாக்கியத்தை விரித்தெழுத எழுதுபவள் பலமுறை முயன்றாள். விரிக்கும்தோறும் அது சிறுத்தது.)

சுவருக்கு அப்பாலிருந்து அலமு தாமாகவே கேட்டார்:

"பண்டிகைக்கு ஒண்டியா துன்னுக்கினு ஒக்காந்திருக்கப் போறியா எஸ்தரு? நானும் ஒண்டிதான். வரேன். டிவில காட்றாங்களே ஒயினு, இதயத்துக்கு நல்லதாமே, அது ஒண்ணு வாங்கி வையி."

"நம்ம ஜாடிலயே ஊற வச்சிருக்குறன்க்கா."

"வோணாம்மா. கடையிது வாங்கு. சீல் உடைக்காத பாட்டிலா. ஊட்டுல செஞ்சது வயித்துக்கு ஒத்துக்காது."

எஸ்தரின் சாதியார் கைபட்டதை அலமுவின் சாதியார் உண்பதில்லை. பழி வயிற்றின்மேல் போடப்பட்டது. இருவரும் வயிற்றைக் குறித்தே மேற்கொண்டு உரையாடினர்.

4

மதுக்கடை வரிசையில் நின்ற ஆண்கள் விலகினர்.

"வழி வுடுங்கப்பா, அம்மா வந்துக்கினு இருக்காங்க."

"ஒயினாமா? வருஷத்துக்கு ஒருத்தர்தான் கேக்குறாங்க," என்று விற்பனையாளர் பாட்டிலின் தூசியைத் துடைத்தார். "வூட்டுல இன்னா கறி?"

"வாழப்பழம்பா."

வரிசை முழுதும் சிரித்தது. எஸ்தரும் சிரித்தார். அவரோடு சேர்ந்து இத்தனை பேர் சிரித்து நெடுநாளாயிற்று. பாட்டிலை வாங்கிய பின்னும் அவர் உடனே நகரவில்லை.*

* இவ்வுரையாடலை எழுதுபவள் கேட்டிலள். சாலையின் மறுபுறம் நின்றாள். சிரிப்பொலி மட்டும் மெய்.

5

ஒரு கதைக்குத் தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு ஆகிய நான்கும் இன்றியமையாதவை. ஐம்பதாம் வயதில் தொலைநிலைக் கல்வியில் தமிழ் இலக்கியம் பயின்று தேறியவளாகிய எழுதுபவள் இதை அறிவாள். அவளது திட்டப்படி, எஸ்தர் இரண்டு ஒயின்களையும் மேசையில் வைத்து அலமுவையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

எஸ்தர் அதற்கு உடன்படவில்லை.

கிறிஸ்துமஸ் மாலை அவர் வாழைப்பழத்தையும் பிரிக்காத கேக் பெட்டியையும் மேசையில் வைத்தார். சமையலறை மூலையில் துணியால் வாய்கட்டிய ஜாடி இருந்தது: தாமே பிசைந்த பன்னீர் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. சென்ற ஆண்டு ஊறவைத்தது குடிக்க ஆளின்றிப் புளித்துப்போயிற்று.

அவர் கடைப் பாட்டிலின் மூடியைத் திருகினார். சீல் "டக்" என்று உடைந்தது. உள்ளிருந்ததைத் தொட்டியில் கொட்டினார். ஜாடித் திராட்சைச் சாற்றை வடிகட்டி, புனல் வைத்து, அப்பாட்டிலில் நிரப்பினார்.

அலமுவை ஏமாற்றுவது அவர் நோக்கமன்று.

[இவ்வாக்கியம் பொய். ஏமாற்றுவதே நோக்கம். தம் கையால் ஆன ஒன்று, ஒரே ஒருமுறை, அலமுவின் தொண்டையில் இறங்க வேண்டும். அலமுவுக்குத் தெரியாவிட்டாலும் சரி.]

 (வீட்டில் ஒயின் ஊறவைப்பது குறித்துச் சட்டம் யாது கூறும் என்பதை எழுதுபவள் ஆராயவில்லை.)

6

அலமு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். முந்தானைக்குள்ளிருந்து எவர்சில்வர் தம்ளர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அவர் வீட்டுத் தம்ளர்.

"உனுக்கு எதுக்குக் கழுவுற வேலைன்னு எட்த்தாந்தன்மா."

"ஒக்காருக்கா."

எஸ்தர் பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடி ஓசையின்றிக் கழன்றது. அலமுவின் கண்கள் அம்மூடியின்மேல் சற்றே தங்கின. பின்பு தம்ளரை நீட்டினார்.

ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

"எஸ்தரு."

"இன்னாக்கா?"

"கிராம்பு வாசன வருதே."

எஸ்தரின் கை பாட்டிலின் கழுத்தை இறுகப் பற்றியது. அலமு தம்ளரைக் காலி செய்துவிட்டு மீண்டும் நீட்டினார்.

"நல்லா இருக்குதுமா. எந்தக் கடைல வாங்கின?"

7

முடிவு எழுதப்பட வேண்டிய இடம் இது.

"இரயிலடி கடைக்கா," என்று எஸ்தர் கூறலாம். அடுத்த ஆண்டும் அலமு வருவார். அடுத்த ஆண்டும் தம்ளர் வரும்.

"கடையிது இல்லக்கா, என் ஜாடிது" என்றும் கூறலாம். அதன்பின் அலமு —

இவ்விடத்தில் எழுதுபவள் பலநாள் நின்றாள். அலமு எழுந்து போவதாக எழுதியதும், காலி நாற்காலிக்கு எதிரே எஸ்தர் கேக் பெட்டியைப் பிரிப்பதைக் காணப் பொறுக்கவில்லை. அலமு சிரித்தபடி அமர்ந்திருப்பதாக எழுதியதும், அதை அவளாலேயே நம்ப முடியவில்லை. அலமுவுக்கு முன்பே தெரிந்துவிட்டதா, தெரிந்துதான் கேட்கிறாரா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. மூடியைப் பார்த்தவர் அவர். கிராம்பைச் சொன்னவரும் அவர். ஆயினும் தம்ளரை நீட்டியிருக்கிறார்.

எதிர்வீட்டு நெசவாளரின் தறியோசை நின்றுவிட்டது. படிப்பவரே, அலமுவின் கை வலிக்கும் முன் எஸ்தருக்காக நீங்கள் விடை கூறுக.