ஒரே போன் உள்ள தெரு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அருள்செல்வி நூம்பலில் உள்ள எத்திராஜ் மளிகைக்கடைக்குப் போன் போட்டாள். குமணன்சாவடியில் இருக்கும் அவள் வீட்டு வாசலில் பாஸ்கரன் என்பவன் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தான். அவன் தங்கை தாட்சாயிணிக்கு விடியற்காலையில் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக இருந்தது, தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகடிவ் வேண்டும், மதியத்துக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரத்தம் கொடுப்பவர்களின் லிஸ்டில் கம்ப்யூட்டர் இரண்டு பேரைக் காட்டியது. ஆவடிக்காரர் மூன்று வாரத்துக்கு முன்புதான் ரத்தம் கொடுத்திருந்தார். மிச்சம் நூம்பல் உலகநாதன்.

எத்திராஜ் சாவகாசமாகப் பேசினார். உலகநாதன் நேற்றே குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்விட்டாராம், வர திங்கட்கிழமை ஆகுமாம். லிஸ்டில் வேறு யாரும் இல்லையே என்றாள் அருள்செல்வி.

"இன்னாம்மா இப்டி சொல்ற? ஜானகிராமன் கீறானே, அவனுக்கும் அதே ரத்தம்தான். எங்கடையிலதான் உன் ஊட்டுக்காரரு பால்ராஜி குந்திக்கினு எய்தினாரு. எங்க தெருவுல மட்டும் பதினொரு பேரு, எல்லாப் பிரிவும் சேத்து."

அவரே கடையை அப்படியே விட்டுவிட்டு ஜானகிராமனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பாஸ்கரன் நன்றிகூடச் சொல்லாமல் சைக்கிளை மிதித்தான். அவன் போன பிறகும் அருள்செல்வி போனை வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பதினொரு பேர். அவள் லிஸ்டில் எத்திராஜ் கடை நம்பரில் இருந்தது ஒருவர்தான்.

அவள் கணவன் பால்ராஜ் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக். எட்டு வருடத்துக்கு முன் அவனோடு வேலை செய்த ஒருவர் பெங்களூர் ரோட்டில் லாரியில் அடிபட்டபோது, ரத்தத்துக்காக அரை நாள் அலைந்து கிடைக்காமல் போனது. அதற்கு அடுத்த வாரம் ஒரு நீள நோட்டு வாங்கி, ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், பிரிவு, ஊர், போன் நம்பர் என்று எழுதத் தொடங்கினான். டிப்போ, டீக்கடை, சர்ச், கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் நோட்டும் கூடவே போகும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். போன வருடம் ஜூன் மாத மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நோட்டு நனைந்தது. பால்ராஜ் தாள்களைப் பிரித்து ஃபேனுக்குக் கீழே அப்பளம் காயவைப்பதுபோலப் பரப்பினான். கரைந்த எழுத்துகளின் மேல் பென்சிலால் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவன் முதுகு அவ்வளவு வளைந்து அவள் பார்த்ததில்லை.

அருள்செல்வி அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். கம்பெனி கழித்துக்கட்டிய பழைய மெஷின் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரிய டேட்டாபேஸ் எதையும் அந்த மெஷின் தாங்காது. அதனால் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாற்பது வரிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அதோடு ஒரே ஒரு ஃபைல். தனியாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை, ஸ்கிரிப்ட்டே அந்த ஃபைலைத் திறந்து, கேட்டதை எடுத்துத் தரும். பால்ராஜுக்கு விளங்கும்படி அவள் சொன்னது இதுதான்: ஃபைலுக்குள் வரிசையாக டப்பாக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒரு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தினமும் உட்கார்ந்து பெயர்களை அடித்தாள். முடிந்த அன்று அவன் ஒற்றை விரலால் 'பி பாசிடிவ்' என்று தேடி, திரை நிறையப் பெயர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அவள் தலைமேல் கை வைத்தான். சாமியார் ஆசீர்வதிப்பதுபோல இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது அலமாரி மேலிருந்து நோட்டை இறக்கி எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. ஃபைலில் இருப்பதை எண்ணச் சொன்னாள். முந்நூற்று முப்பத்தெட்டு.

ஸ்கிரிப்டைத் திறந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டாக அவள் போன் நம்பரை வைத்திருந்தாள். ஒரே பெயரில் நாலு ஆரோக்கியசாமி இருக்கலாம், நம்பர் மட்டும் ஆளுக்கு ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். ஒரே சீட்டோடு இன்னொரு ஆள் வந்தால் ஸ்கிரிப்ட் பழைய ஆளைக் கொட்டிவிட்டுப் புதியவரை வைத்துக்கொள்ளும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. நூம்பலில் அந்தத் தெருவுக்கே எத்திராஜ் கடையில்தான் போன். பத்துப் பேரை அவள் தன் கையாலேயே ஒருவர் பின் ஒருவராக அழித்து, கடைசியாக வந்த உலகநாதனை மட்டும் வைத்திருக்கிறாள். இப்படி எத்தனையோ தெருக்கள். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவளும் பால்ராஜுமே அடுத்த வீட்டு நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுகூட எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன் நம்பரை டப்பாவுக்கு உள்ளே தள்ளி, மேலே வெறும் வரிசை எண்ணைப் போட்டாள். பிறகு விடுபட்ட எழுபத்து நாலு பேரையும் நோட்டைப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள். மத்தியானம் சாப்பிடவில்லை. இடையில் பாஸ்கரன் வந்து, ரத்தம் ஏற்றியாயிற்று, தங்கை கண் திறந்து குழந்தையைக் கேட்டாள் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே அழுதான். அவனை அனுப்பிவிட்டு வந்து பி நெகடிவ் என்று தேடினாள். திரையில் நூம்பல் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ரத்தம் கேட்டு வந்தவர்களின் விவரம் பால்ராஜின் கையெழுத்தில் இருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு வரி: 'சுலைமான், பட்டாபிராம், தகப்பனாருக்கு, பி நெகடிவ். இல்லை.' அன்றும் அவள்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். இல்லைங்க என்று சொன்னதும், அந்த மனிதர் பரவாயில்லை என்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு பால்ராஜ் கிரீஸ் கையோடு வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"நூம்பல் பக்கம் மழையில பூட்ட பக்கம் செல்வி. நோட்டு மட்டும் இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது."

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவள் அன்று முழுக்க அடித்திருந்தாள். எழுத்து ஒன்றும் போகவில்லை. அது அவனுக்கும் தெரியும். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்த பட்டாபிராம்காரர போய்ப் பாக்கணும்னு தோணுதா?"

"ம்."

"அப்ப நானும் வரேன்."

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே பட்டாபிராமுக்குப் பஸ் ஏறினார்கள். அந்த மனிதருக்கு என்ன சொல்வது என்று ஆவடிவரை யோசித்துக்கொண்டே வந்தாள். யோசித்த வாக்கியம் ஒவ்வொன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்வதுபோலவே இருந்தது. பால்ராஜ் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, வழியெல்லாம் அவள் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

சுலைமான் வீட்டிலேயே ஸ்கூல் பை தைக்கிறவர். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். தகப்பனார் மார்ச்சிலேயே தவறிவிட்டதை, கேட்பதற்கு முன்பே சொன்னார். அருள்செல்வி யோசித்து வைத்த எதையும் சொல்லவில்லை.

"அன்னிக்கு மூணு பேரு இருந்தாங்கண்ணே. நான் தப்பா எய்தி வச்சிருந்தேன். அதனால இல்லன்னு சொல்லிட்டேன்."

அவர் மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை ரெக்ஸினிலிருந்து வெளியே எடுத்தார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மூணாம் நாளு ரத்தம் கெடச்சுதும்மா. ஏத்திக்கினு இருக்கசொல்லவே பூட்டாரு" என்றார். ரெக்ஸினை ஓரமாகத் தள்ளிவிட்டு, "மொதல் நாளே கெடச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு டாக்டரக் கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல."

அருள்செல்விக்குக் கண்ணில் நீர் முட்டியது. இங்கே அழ தனக்கு உரிமையில்லை என்று தோன்றியதால் தரையில் கிடந்த நூல் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத சொல்றதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?"

அவள் தலையசைத்தாள்.

சுலைமான் எழுந்து, இன்னும் நின்றுகொண்டே இருந்த இருவரையும் பார்த்தார். சுவரோரம் இருந்த பெஞ்சு முழுக்கத் தைத்து முடித்த நீலப் பைகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே விரித்திருந்த சாக்கில் வைக்க ஆரம்பித்தார். பால்ராஜ் குனிந்து அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கினான். பைகள் குறையக் குறைய பெஞ்சின் மரம் தெரிந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்த பிறகும் அவர் நிறுத்தாமல் அடுத்த பையை எடுத்தார்.