வட்டத்துக்குள் நின்றது

றஊபுக்குக் கலியாணமாகி நான்கு மாதம். எல்லா மாப்பிள்ளைமாரையும் போலப் பெண்வீட்டில்தான் குடியிருந்தான். மாமனார் முகைதீன்பாவா முன்அறையில் இருந்தால் அவன் பின்வாசலால் போவான். தெருவில் அவர் எதிர்ப்பட்டால் வாகனத்தை ஓரங்கட்டி நிற்பான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று காலை கந்தோருக்கு வேலைக்குப் போகும்போது, சந்தையடிச் சுற்றுவட்டத்தை மோட்டார் சைக்கிளில் பாதி சுற்றியிருந்தான். இடப்பக்கத் தெருவால் மாமனார் சைக்கிளில் வந்தார். வட்டத்துக்குள் இருப்பவனுக்கே வழி. நுழைபவர்தான் தாமதிக்க வேண்டும். லைசன் எடுத்த நாளில் றஊப் தடுமாறாமல் சொன்ன பதில் அது. ஆனால் மாமனாரை நிற்கவைத்துவிட்டு அவருக்கு முன்னால் போக மனம் வரவில்லை. சட்டென்று பிரேக்கை அழுத்தி, தலையைத் தாழ்த்தி, அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினான்.

பின்னால் நூல்கட்டோடு சைக்கிளில் வந்த மருதமுனை நெசவாளி அச்சிமுகம்மது அதை எதிர்பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் மோதித் தாரில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று.

கூடிய சனம் நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பின்னால் வந்து இடித்தவன்தான் பிழை. றஊப் அவரைத் தூக்கினான், கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான், நூலைக்கூட வீட்டுக்கு அனுப்பிவைத்தான். தான் ஏன் நின்றான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்றிரவு சாப்பாட்டில், நடுத்தெருவிலும் மரியாதை மறக்காத மருமகன் என்று முகைதீன்பாவா வீட்டாருக்குச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். மனைவி பரீனா சிரித்துக்கொண்டே இன்னொரு மீன்துண்டை வைத்தாள். றஊப் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். கிட்ட வந்தது அந்த ஆளின் பிழைதானே என்று படுக்கையில் தனக்கே வழக்காடினான். ஒவ்வொரு தடவையும் வழக்கு அவனுக்கு எதிராகவே முடிந்தது.

ஒரு கிழமை கழித்துப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள். முகைதீன்பாவா சாட்சியாக வந்து, வாங்குப்பலகையில் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்தார். எதிர்வாங்கில், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அச்சிமுகம்மது. சார்ஜன்ட் எழுதியதை வாசித்தார். பின்னால் வந்தவர் கவனமில்லாமல் ஓட்டினார் என்றிருந்தது. றஊப் கையெழுத்து வைத்தால் அந்த மனிதர் மேல் வழக்கு.

றஊப் பேனையை எடுத்தான். திரும்ப மேசையில் வைத்தான்.

"இது பிழை சேர். நான் வட்டத்துக்குள்ள நின்டுட்டன். நிக்கக் கூடாத இடம்."

"ஏன் நின்ட?"

அவன் மாமனாரைப் பார்க்காமல் சொன்னான். "மாமா வந்தாரு. அவருக்கு வழி விட்டன்."

சார்ஜன்ட் முகைதீன்பாவாவைப் பார்த்தார். வட்டத்துக்குள் நுழையும்போது வலப்பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டார். அறுபது வயது மனிதருக்குக் காது சிவந்தது. பார்த்தேன், மருமகன் என்று கண்டபடியால் நிற்கவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு எழுந்து, மருமகனை விட்டுவிட்டுத் தனியே போனார்.

வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தபோது றஊபின் நெஞ்சு கொஞ்சம் இலேசானது. வெளியே வேப்பமரத்தடியில் அச்சிமுகம்மது நின்றிருந்தார். நல்ல வார்த்தை ஏதும் சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனான்.

"இத முந்தியே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "போன வெள்ளி பள்ளிக்கு ஜும்ஆத் தொழப் போனன். கண் தெரியாதவன் சைக்கிள் ஓடப் போனானாம் எண்டு சிரிச்சானுகள். எனக்கே என்ட கண்ணில சந்தேகம் வந்திட்டுது. தறியில இருந்து நூலைப் பார்த்துப் பார்த்து மங்கிட்டாக்கும் எண்டு பொஞ்சாதிக்கிட்ட சொன்னன். அவ ரெண்டு நாளா அழுறா."

றஊப் இன்னும் கிட்டப் போனான்.

"உங்கட வீட்டுக்கு வாறன்," என்றான். "அவவுக்கு நானே சொல்றன்."

அச்சிமுகம்மது தலையசைத்தார்.

"பள்ளியிலயும் சொல்லணும்," என்றார்.

"ஓம்," என்றான் றஊப்.