வெள்ளைத் தகரமும் ஈர நெத்தலியும்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நூஹு, மனைவி ஸபீனா, மாமியார் றஹ்மத் உம்மா, ஸபீனாவின் தம்பி அக்ரம். முற்றத்தில் நாற்றமெடுக்கத் தொடங்கிய நெத்தலிக் குவியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சண்டை கூரையைப் பற்றியது. நூஹு எத்தாளை ஊர் ஐஸ் தொழிற்சாலையில் இரவுக் காவலாளி. பகலில் தூங்கினால்தான் இரவில் விழித்திருக்க முடியும். தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏறியபின் தூங்க முடியாது, வேகத்தான் முடியும். போன மாதம் காவலில் கண்ணயர்ந்து பிடிபட்டான். இன்னொரு தடவை பிடிபட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்டைப் புத்தளத்திலிருந்து வாங்கி வந்து கூரை முழுக்கப் பூசினான். அதன்பிறகு மையத்துப் போல அசையாமல் தூங்கினான்.

ஆனால் கருவாடு காயவில்லை. ஸபீனா நெத்தலியைக் கூரையில்தான் பரப்புவாள். மேலே வெயில், கீழே சுடுதகரம். ஒரே பகலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வெள்ளை பூசிய தகரம் சுடுவதேயில்லை. நெத்தலியின் அடிப்பக்கம் ஈரமாகவே கிடந்து புழு வைத்தது.

"கூரைய நீங்க குளிர வெச்சா நான் எங்க கருவாடு காயப்போடுற?"

"கீழ பாயில போடு."

"மண் ஒட்டினா யாவாரி எடுப்பானா?"

"அப்ப நான் எங்க படுக்கிற?"

அக்ரம் சிரித்தான். "மச்சான், நெத்தலியோட நீங்களும் மேல ஏறிப் படுங்களேன். ரெண்டும் ஒண்டாக் காயும்."

"வாயப் பொத்துடா." நூஹு ஸபீனாவிடம் திரும்பினான். "கட்டிலுக்கு மேல உள்ள பாதியயாவது விடுங்க."

"அந்தப் பக்கந்தானே நல்ல வெயில்" என்றாள் ஸபீனா.

றஹ்மத் உம்மா வெற்றிலையைத் துப்பினாள். யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், அது முடிந்தும் திரும்பாமல் இங்கேயே கட்டிய வீடு அது. "மருமகன், இது மகளுக்கு நான் குடுத்த சீதன வீடு. கூரையும் சேத்துத்தான் குடுத்த."

அக்ரம் ஏறிப் பெயின்டைச் சுரண்டத் தொடங்கினான். ஒவ்வொரு இழுப்பும் நூஹுவின் பல்லைக் கூசவைத்தது. தலையணையை எடுத்துக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்கே போனான்.

பகல் களஞ்சியக்காரன் பஸ்தியான் அவனை மேலும் கீழும் பார்த்தான். "என்ன நூஹு நானா, வீட்டால துரத்திட்டாங்களா?"

"கூரையால துரத்திட்டாங்க. படுக்க ஒரு இடம் தா."

ஐஸ் அறையை ஒட்டி, பழைய மீன்பெட்டிகள் அடுக்கிய அறை இருந்தது. சுவர் சில்லென்று இருந்தது.

"முதலாளி கண்டா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். வெளியால பூட்டுவன். மூத்திரம் வந்தா அடக்கிக்கொள்ளணும்."

"ஓம், பூட்டு."

நூஹு பெட்டிகளுக்கிடையே புகுந்தான். பஸ்தியான் கதவைச் சாத்திப் பூட்டினான்.